எரிமலை பார்க்கப் போன ஞாயிறு

எங்கள் வீட்டில் "எரிமலை பார்க்கப் போன நாள்" என்று ஒரு நாள் உண்டு. பழைய கதை எதை எடுத்தாலும், அது எரிமலை பார்க்கப் போனதற்கு முன்னமா பிறகா என்று யாராவது கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எங்களில் ஒருவரும் எரிமலையை ஒழுங்காகப் பார்க்கவில்லை. அதுதான் எங்களைப் பார்த்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. பலேர்மோவில் கால்சா என்ற பகுதியில், துணி காயப்போட்டால் எதிர்வீட்டாரின் துணியில் போய்ச் சொட்டும் அளவுக்கு ஒடுங்கிய தெருவில் இருந்தோம். அப்பாவுக்குப் பழக்கடையில் வேலை. அம்மா வீடுகளைத் துப்பரவாக்கப் போவார். எங்களோடு மாமாவும் இருந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. அம்மாவும் அப்பாவும் நான் பிறக்க முன்னமே இத்தாலிக்கு வந்துவிட்டவர்கள். மாமா வன்னியில் சண்டை முடியும்வரை இருந்து, பிறகு முகாமில் இருந்து, அதற்குப் பிறகு எப்படியோ வந்து சேர்ந்தவர். அந்த "எப்படியோ" அம்மாவின் சொல். அதற்கு மேல் கேட்டால், "சோறு ஆறுது, சாப்பிடு" என்பார்.

மாமா துறைமுகத்தில் வேலை செய்தார். நாப்போலியிலிருந்து காலையில் வரும் கப்பல் மாலையில் திரும்புவதற்குள் அதன் அறைகளைக் கூட்டிக் கழுவி, கட்டில்களுக்கு விரிப்பு மாற்றிவிட வேண்டும். அவருக்குக் கொடுக்கும் சின்னச் சவர்க்காரக் கட்டிகளில் ஒன்றை எனக்குக் கொண்டுவருவார். சும்மா தரமாட்டார். கையில் வைத்து மூடி, ஊதி, விரித்துக் காட்டுவார். கட்டி இருக்காது. "உன்ர காதுக்குள்ளை ஏன் மருமோள் சவுக்காரம் வைச்சிருக்கிறாய்? குளிக்கப் பஞ்சியோ?" என்று என் காதிலிருந்து எடுத்துத் தருவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன. எனக்கு அவை பழக்கமாகவே படவில்லை. முதலாவது, மடித்து விரிக்கும் சோபாக் கட்டில் அவருக்கென்றே வாங்கிப் போட்டிருந்தும், அவர் நிலத்தில் சுவரோடு ஒட்டித்தான் படுப்பார். "வெக்கை, மருமோள். நிலம் குளிர்." தை மாதத்திலும் அதே பதில்தான். மற்றது பட்டாசு. பலேர்மோ பட்டாசுக்கு நாள் பார்க்காத ஊர். பிறந்தநாள், கலியாணம், பந்தாட்ட வெற்றி, ஒன்றுமில்லாவிட்டால் ஒன்றுமில்லை என்பதற்காகவும் கொளுத்துவார்கள். ஆடியில் சாந்தா ரொசாலியாவின் திருவிழா வரும். ஊர் முழுவதும் கடற்கரைக்கு வாணவேடிக்கை பார்க்கப் போகும். மாமாவின் தோளில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று நான் வருடம் முழுக்கக் காத்திருப்பேன். அவரோ குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிடுவார். அம்மா வெளியே ஒரு முக்காலியைப் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்தபடி இருப்பார். "மாமாவுக்கு வயித்துக்குத்து" என்று அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். ஒவ்வொரு ஆண்டும் அதே நாளில் வயிறு குழம்புகிற மனிதர் என்று நான் அவருக்காகப் பாவப்பட்டேன். கொஞ்சம் கோபமும்பட்டேன்.

"கால்கட்டுப் போட்டா எல்லாம் சரிவரும்" என்றார் அம்மா. கல்யாணம் ஒரு மருந்துக் கட்டு என்று எங்கள் சனம் நம்பிக்கொண்டிருக்கிற வரைக்கும், வைத்தியருக்கு நாங்கள் வருமானம் கொடுக்கப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறி, குகைக்குள் இருக்கும் சாந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி ஏற்றுவார்கள். அங்கேதான் அம்மாவின் காதுக்கு அந்தச் செய்தி வந்தது. நாங்கள் இருந்த தீவின் மறுகரையில், எத்னா எரிமலையின் அடியில், ரிப்போஸ்தோ என்றொரு கடற்கரைப் பட்டினம். அங்கே ஒரு வயதான சின்னோராவை, இத்தாலிய அம்மையாரை, பார்த்துக்கொள்ளும் பெண். வன்னிப் பிள்ளை. சொந்தம் என்று ஒருவரும் மிச்சமில்லை. நல்ல குணம். சாதகக் குறிப்பு மட்டும் இல்லை; இடம்பெயர்ந்து ஓடியதில் எங்கோ தொலைந்துவிட்டது.

"குறிப்பில்லாமல் எப்பிடியப்பா?" என்றார் அம்மா.

"எங்களுக்குக் குறிப்புப் பாத்துத்தானே செய்தவை. நல்லாத்தானே சண்டை பிடிக்கிறம்" என்றார் அப்பா.

குறிப்பு இல்லாத குறையைச் சகுனத்தால் நிரப்ப அம்மா முடிவு செய்தார். யாழ்ப்பாணத்துச் சாத்திரியாருக்குத் தொலைபேசி எடுத்து நல்ல நேரம் கேட்டார். அவர் சொன்ன நேரத்திலிருந்து இலங்கைக்கும் இத்தாலிக்குமான வித்தியாசத்தைக் கழித்தார். "அவர் சொன்னது ஆற்ற சூரியனுக்கு? அங்கத்தையானுக்கோ இஞ்சத்தையானுக்கோ?" என்று அப்பா கேட்டதும், திரும்பவும் முதலிலிருந்து கழித்தார்.

எனக்கு மட்டும் "எரிமலை பார்க்கப் போறம்" என்று சொல்லப்பட்டது. என்னிடம் சொல்வதும் சந்தையில் பறையடிப்பதும் ஒன்று என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. வான் வண்டி புறப்படும்போதே என் காதில் குனிந்து, "அங்கை ஒரு ஆள் இருப்பா. மாமி எண்டு கூப்பிடு. பெரிய சொக்லேட் வாங்கித் தாறன்" என்றார்.

அம்மாவுக்குப் பாம்புக் காது. "டேய், வாயைப் பொத்து! ஒண்டும் முற்றாகேல்லை. பிள்ளை, நீ அன்ரி எண்டு சொல்லு. அது காணும்."

வான் அப்பாவின் கடை முதலாளியுடையது. தக்காளியும் எலுமிச்சையும் மணந்தது. அம்மாவின் மடியில் ஒரு தட்டம்: வாழைப்பழச் சீப்பு, கற்கண்டு, குங்குமச் சிமிழ், பக்கத்து வீட்டு பல்கனியில் கேட்டுப் பறித்த மல்லிகை. பெண்ணைப் பிடித்திருந்தால் தட்டத்தை அந்த வீட்டில் வைத்துவிட்டு வருவது. இல்லையென்றால் திரும்பக் கொண்டுவருவது. வாயால் "வேண்டாம்" என்று சொல்லி ஒரு பிள்ளையின் மனதை நோகவைக்கக் கூடாது என்பதற்காக அம்மாவின் ஊரில் இருந்த வழக்கமாம். பகேரியாவைத் தாண்டும்போது நான் கற்கண்டில் கை வைத்தேன். அம்மா என் கையில் ஒரு அடி வைத்தார்.

பாதி வழியில் மலை தெரிந்தது. நான் எதிர்பார்த்தது சிவப்பாக, நெருப்பாக. தெரிந்ததோ அடுப்பில் மறந்துபோய் வைத்த பானை மாதிரி, தலையில் கொஞ்சம் புகையோடு, நீலமாக ஒரு பெரிய மேடு. "இவ்வளவுதானா?" என்றேன். மாமா அதைப் பார்க்கவே இல்லை. சட்டைக் கையை மடிப்பதும் இறக்குவதுமாக இருந்தார்.

ரிப்போஸ்தோவில் எல்லாமே கறுப்பு. தெருக்கல் கறுப்பு, தேவாலயப் படி கறுப்பு, கடற்கரைக் கூழாங்கல் கறுப்பு. வீட்டு வாசல்களில் கறுப்பு மணலைக் கூட்டி அள்ளிக் கட்டிய மூட்டைகள் இருந்தன. மலை துப்பிய சாம்பல் அது என்றார் அப்பா. ஒரு கிழவர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். நேற்றும் கூட்டியிருப்பார், நாளைக்கும் கூட்டுவார் என்பது அவர் கூட்டிய விதத்திலேயே தெரிந்தது.

சின்னோராவின் வீடு மேல்மாடியில். திறந்த முற்றம் ஒன்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. நடுவில் தரைவரைக்கும் தொங்கும் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. சின்னோரா முத்துமாலை போட்டு, தலைமயிர் சுருட்டி, கோவிலுக்குப் போவதுபோல வெளிக்கிட்டு இருந்தார். பெண் வீட்டார் என்றால் அவர் ஒருவர்தான். அந்தப் பெண் பின்னால் நின்றார். பச்சைச் சேலை. மெலிந்த முகம், பெரிய கண்கள். எங்களைக் கண்டதும் கும்பிட்டு, "வாங்கோ அக்கா, வாங்கோ அண்ணை, பயணம் கஷ்டமோ?" என்றார்.   வீட்டில் எந்த நேரமும் பகிடி விடுகிற மாமாவுக்கு, அந்த முற்றத்தில் நாக்கு எங்கேயோ விழுந்துவிட்டது.

சின்னோரா விசாரணையைத் தொடங்கினார். அம்மாவின் இத்தாலியன் தரையையும் ஜன்னலையும் பற்றிக் கதைக்கப் போதும்; கல்யாணம் கதைக்கக் காணாது. பெண் தன் கல்யாணத்துக்குத் தானே மொழிபெயர்ப்பது அழகில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

"வேலை ஒப்பந்தத்தோடயா எண்டு கேக்கிறா" என்றேன். "பெர்மெஸ்ஸோ, இஞ்சை இருக்கிற அனுமதி, எப்ப முடியுது எண்டு கேக்கிறா. குடிப்பாரோ எண்டு கேக்கிறா."

"எங்கட ஆக்கள் சாதி கேப்பினம், சீதனம் கேப்பினம். இந்த மனுசிதான் உருப்படியாக் கேக்குது" என்று அப்பா மெல்லச் சொன்னார்.

"இவ எனக்கு மகள் மாதிரி, அழவைச்சா அவர் வேலை செய்யிற கப்பலையே தாட்டுப்போடுவன் எண்டு சொல்லுறா" என்று நான் முடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார். அம்மாவுக்கு அந்தச் சிரிப்புப் பிடித்துவிட்டது. தட்டத்தை மடியிலிருந்து தூக்கி மேசையில் வைத்தார்; கையை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.

அப்போதுதான் மலை வெடித்தது.

ஒரு சத்தம். காதால் கேட்டது என்று சொல்ல முடியாது; நெஞ்சுக்குள் யாரோ கதவை அடித்துச் சாத்தியது போல. கோப்பைகள் குலுங்கின, ஜன்னல்கள் நடுங்கின. என்ன என்று நான் திரும்புவதற்குள் ஒரு கை என் புயத்தைப் பிடித்துக் கீழே இழுத்தது. அடுத்த கணம் நான் மேசைக்குக் கீழே, வெள்ளை விரிப்புக்குள், பச்சைச் சேலைக்குள் இருந்தேன். மறுபக்கத்தால் மாமா விழுந்து உருண்டு வந்தார். கைகள் பின்கழுத்தில் கோத்திருந்தன. அவருடைய கால்கள் வெளியே கிடந்தன.

"இஞ்சாலை வாங்கோ. இடமிருக்கு" என்றார் அந்தப் பெண், ஒதுங்கி உட்கார்ந்தபடி.

மாமா காலை உள்ளே இழுத்தார். மேலே கறுப்பு மணல் விழத் தொடங்கியது. சுளகிலிருந்து அரிசி கொட்டுவது போல விடாமல் ஒரு சத்தம். எனக்கு இது ஏதோ விளையாட்டு என்று பட்டது. நல்ல விளையாட்டு. கீழே ஒரு மெத்தையான தலையணைகூட இருந்தது. அந்தப் பெண் அதை என் முழங்காலுக்குக் கீழே தள்ளிவிட்டார். பூனைக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"மலைதான். எனக்குத் தெரியும்" என்றார் அவர். "ஒவ்வொரு முறையும் தெரியும். ஆனா காலுக்குத் தெரியுதில்லை."

"எனக்குத் தெரியாது. கால்தான் முதல் அறிஞ்சது" என்றார் மாமா. மூச்சு வாங்கியது. பிறகு கேட்டார். "எவ்விடம்?"

"முதல் கிளிநொச்சி. பிறகு எல்லா இடமும்."

"நாங்களும் எல்லா இடமும்தான். பங்கருக்கு மேலை என்ன போட்டனீங்கள்?" எறிகணை விழும்போது ஒளிக்க மண்ணில் வெட்டுகிற குழிதான் பங்கர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"முதல் பனங்குத்தி. கடைசியிலை குத்திக்கு எங்கை போறது? சீலையளைக் கிழிச்சு மூட்டை தைச்சு மண் நிரப்பினது. அம்மான்ர கலியாணக் கூறைச் சீலையும் போச்சு."

"என்ன நிறம்?"

"அரக்கு. சரிகைக் கரை. வெயில் பட்டா வாசலிலை மினுங்கும். பக்கத்துப் பங்கர்ச் சனம், உங்களுக்கென்ன, பட்டுடுத்த பங்கர் எண்டு பகிடி பண்ணுவினம்."

மாமா சிரித்தார். சவர்க்காரத்தைக் காதிலிருந்து எடுக்கும்போது சிரிக்கிற சிரிப்பு இல்லை இது. இது வேறு. வயிற்றுக்குள்ளிருந்து, கொஞ்சம் அழுகை கலந்து, நிறுத்தவே முடியாமல் வந்தது. அந்தப் பெண்ணும் சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிப்பு ஒட்டுகிற சாமான்தானே.

"இனி எடுக்கிற கூறையிலை மண் போடமாட்டம்" என்றார் மாமா.

அந்தப் பெண் என் தலையிலிருந்து ஒரு கறுப்புத் துகளை எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே, "உங்கட மாமா பகிடிக்காரர் போலை" என்றார்.

"ஓம் மாமி" என்றேன். வாயில் வந்துவிட்டது. ஒருவரும் திருத்தவில்லை.

விரிப்பு உயர்ந்தது. சின்னோராவின் சுருட்டிய தலை தலைகீழாகத் தெரிந்தது. "அவள்தான்" என்றார், மலையைச் சொல்வது போலில்லாமல், பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்வது போல. "வாருங்கள், கோப்பி ஆறுகிறது." கோப்பைகளின் மேல் சாம்பல் விழாமல் தட்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார். இதெல்லாம் அவருக்குக் கைவந்த காரியம்.

அம்மா சுவரோடு நின்றுகொண்டிருந்தார். அப்பா அவரைத் தாழ்வாரத்துக்குள் இழுத்திருக்க வேண்டும். அம்மா முதலில் மாமாவைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் தட்டத்தைப் பார்த்தார். வாழைப்பழம், மல்லிகை, கற்கண்டு எல்லாம் கறுப்பு.

"நல்ல காரியத்திலை சாம்பல் விழுந்திட்டுது" என்றார்.

"அக்கா, இஞ்சை கிழமைக்குக் கிழமை விழும்" என்றார் அந்தப் பெண் மெதுவாக. "சகுனம் பாத்தா இந்த ஊரிலை ஒருத்தரும் கலியாணம் கட்டேலாது. உரலுக்குள்ளை தலையைக் குடுத்த சனம் நாங்கள்."

அப்பா பெலமாகச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கோப்பி குடித்தோம். மல்பெரிப் பழத்தில் செய்த பனிக்கூழ் தந்தார்கள். ஊதா நிறத்தில், வாழ்நாளில் நான் சாப்பிட்ட மிக நல்ல சாமான். வெளிக்கிடும்போது சின்னோரா அம்மாவை இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். அம்மா அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தடவி, "சுகமா இரு பிள்ளை" என்றார். பிறகு மேசைக்குப் போய், தட்டத்தைத் தூக்கிக்கொண்டார்.

மாமா படியில் நின்றவர் அதைக் கண்டார். "அக்கா, தட்டம்" என்றார், மறந்துபோய் எடுத்துவிட்டார் என்பதுபோல.

"ஓம் தம்பி. எடுத்திட்டன்" என்றார் அம்மா.

திரும்பும் வழியில் மாமா பின் ஜன்னலால் மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். வரும்போது பார்க்காததை இப்போது பார்க்கிறார் என்று நினைத்தேன். அம்மா இந்த முறை என் கையில் அடிக்கவில்லை. கற்கண்டு முழுவதையும் நானே தின்றேன். ஒவ்வொரு கடிக்கும் சாம்பல் பல்லில் நறநறத்தது. நெருப்பைக் காணவில்லையே என்பது மட்டும்தான் அன்றைக்கு என் கவலை.

அதன் பிறகு மாமா வீட்டில் ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அம்மா அவரைத் தாய் மாதிரி வளர்த்தவர். அக்காவின் சொல்லைத் தட்டத் தெரியாத பிள்ளை. அந்தச் சின்னோரா காலமான பின், அந்தப் பெண் வடக்கே எங்கேயோ வேலைக்குப் போய்விட்டதாகக் குகைக்கோவிலில் கதைத்தார்கள். மாமாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பெண் எடுத்தார்கள். குறிப்பு அச்சொட்டாகப் பொருந்தியது. மாமி தங்கமான மனுசி. சிறு வயதிலிருந்தே கொழும்பில் வளர்ந்து படித்தவர், செல் வெடிக்கிற சத்தம் கேட்டதில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். மாமாவுக்கு மயிர் நரைத்துவிட்டது. இப்போதும் என் காதிலிருந்து ஏதாவது எடுப்பார்.

ஆடித் திருவிழா இப்போதும் வருகிறது. அன்றைக்கு அவர்கள் வீட்டில் குழாய்ச் சத்தம் கேட்கும். மாமி குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று தட்டுவார். "என்னப்பா? வயித்துக்குத்தோ? திறவுங்கோவன், ஓமத்தண்ணி தாறன்." உள்ளிருந்து தண்ணீர் மட்டும் பதில் சொல்லும்.

போன கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "அந்தச் சாம்பலுக்காகவோ அம்மா அண்டைக்குத் தட்டத்தைத் தூக்கினனீங்கள்?"

"சாம்பலுக்கென்ன, தட்டினாப் போகும்." அம்மா கத்தியை வைத்தார். "ரெண்டும் ஒரே நேரத்திலை விழுந்ததுகள். நான் பாத்தன். ஒண்டு விழுந்தா மற்றது நிண்டு தூக்க வேணும். ரெண்டும் விழுந்தா ஆர் தூக்கிறது? நான் எவ்வளவு காலத்துக்கு அவன்ர கதவடியிலை இருக்கிறது?" புறங்கையால் மூக்கைத் துடைத்தார். "நிக்கிற ஒருத்தியாப் பாத்துக் கட்டிவைச்சன். அவள் பாவம், நிண்டுகொண்டுதான் இருக்கிறாள்."

வெங்காயம் நல்ல சாமான். ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

எட்டு வயதில் அந்த மேசைக்குக் கீழே நான் எல்லாவற்றையும் பார்த்தேன், எல்லாவற்றையும் கேட்டேன். பின்கழுத்தில் கோத்திருந்த மாமாவின் கைகள் அங்கே அவிழ்ந்ததையும் பார்த்தேன். அது எனக்கு ஒன்றையும் சொல்லவில்லை. அந்த முதிய சின்னோரா அந்தப் பெண்ணைத் தூக்கி நிறுத்தப் பார்க்கவில்லை; நீளமான விரிப்பொன்றைத் தேடிப் போட்டு, கீழே ஒரு தலையணையும் வைத்திருந்தார். பூனைக்கு என்றுதான் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் பூனை இருக்கவில்லை.